வாளி வேண்டாம் என்றவன்

1

மற்றவர்களுக்குக் கதை மழையிலிருந்தும் ரயில் ஜன்னலிலிருந்தும் கிடைக்கிறது. எனக்கு வாய்த்தது ஒரு பிளாஸ்டிக் வாளி. நீல நிறம். கைப்பிடி ஒரு பக்கம் கழன்றது.

படப்பிடிப்புகளில் அந்த வாளிக்கு ஒரு வேலை உண்டு. நடிகர் சாப்பிடுகிற காட்சி என்றால், கேமரா கண்ணில் படாதபடி அதை மேசைக்கடியில் வைப்பார்கள். ஒரே காட்சியை ஏழு தடவை, எட்டுத் தடவை எடுப்பார்கள் அல்லவா? ஒவ்வொரு தடவையும் கேக்கை விழுங்கினால் நடிகர் மாலைக்குள் ஆஸ்பத்திரியில் படுத்திருப்பார். அதனால் மெல்லுவார், முகத்தில் பரமானந்தம் காட்டுவார், "கட்" என்றதும் வாளியில் துப்பிவிடுவார். நீங்கள் திரையில் பார்த்துச் சப்புக்கொட்டிய விருந்துகளில் பாதி வாளிக்குப் போனவைதான். (சொல்லி உங்கள் பசியைக் கெடுத்திருந்தால் மன்னியுங்கள். இன்னும் மோசமானது பின்னால் வருகிறது.)

இது, அந்த வாளியை வேண்டாம் என்று சொன்ன ஒருவனின் கதை.

2

தொடக்கம், முதல் முயற்சி:

"தொலைக்காட்சி நிலையத்தின் நீண்ட நடைபாதையில், தன் நிழலையே துரத்திக்கொண்டு ஒரு மனிதன் —"

வேண்டாம். அவன் நிழலையெல்லாம் துரத்தவில்லை. கழிப்பறைக்குப் போய்க்கொண்டிருந்தான். அதை அப்படியே எழுத எனக்குக் கை வரவில்லை, அவ்வளவுதான்.

இரண்டாம் முயற்சி:

"புலிமியா என்பது உணவு உண்ணுதல் தொடர்பான ஒரு மனநலக் கோளாறு. இதனால் பாதிக்கப்பட்டோர் —"

இது மருந்துக்கடையில் மாத்திரையைச் சுற்றித் தரும் தாள் மாதிரி இருக்கிறது. ஆனால் தெரியாதவர்களுக்கு ஒரு வரி சொல்லத்தான் வேண்டும்: கட்டுக்கடங்காமல் அள்ளிச் சாப்பிட்டு, பிறகு அந்தப் பயத்திலும் வெட்கத்திலும் அதையெல்லாம் உடம்பிலிருந்து வெளியேற்றத் துடிக்கிற நோய். கொழுப்பெடுத்துச் செய்வது அல்ல, நோய். ஆளைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அந்த நோயின் சாமர்த்தியமே அதுதான்.

(பெயரைக் கேட்டதும் எனக்கு ஒரு சிலேடை தோன்றியது. உங்களுக்கும் தோன்றியிருக்கும். விட்டுவிடுங்கள். நானும் விட்டேன், பெரும் சிரமத்துக்குப் பிறகு.)

மூன்றாம் முயற்சி:

ஒரு தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடருக்கு ஒரு வசனகர்த்தா இருந்தார். வயது நாற்பத்தொன்பது. தலையில் முடி அதைவிடக் குறைவு.

இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்வோம்.

3

அந்த வசனகர்த்தாதான் பூசணிக்குப் பூசணி என்று பெயர் வைத்தவர். முதல் எபிசோடில், உருண்டை முகமும் அதைவிட உருண்டையான வயிறுமாக இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவன் கதவைத் திறந்துகொண்டு வந்தான். அவனுக்கு இரண்டே வரி வசனம். ஒத்திகையில் வசனகர்த்தா விளையாட்டாக, "வாடா பூசணி" என்றார். கேமராமேன் சிரித்தார். கேமராமேன் சிரித்தால் அது வசனத்தில் ஏறிவிடும். அது அங்கே எழுதப்படாத சட்டம். அடுத்த மாதம் ஊரே அவனைப் பூசணி என்றது. வங்கிக் கவுண்டரில் கையெழுத்தைச் சரிபார்த்த பெண்மணி கூட, "பூசணி சார், இங்க ஒரு கையெழுத்து" என்றார்.

முதல் சாப்பாட்டுக் காட்சி வந்தது. மூன்று சுவர் மட்டுமே உள்ள சாப்பாட்டு அறை. மேசையில் கேக். கீழே வாளி.

"தம்பி, வாளி காலுக்குப் பக்கத்துல இருக்கு, பார்த்துக்க" என்றார் உதவி இயக்குநர்.

"வேணாம்ண்ணே. சாப்பாட்டைத் துப்புனா எங்கம்மா கரண்டியாலயே போடுவாங்க. பழக்கமாயிடுச்சு."

எட்டுத் தடவை எடுத்தார்கள். எட்டுத் தடவையும் விழுங்கினான். எட்டாவது "கட்"டுக்குப் பிறகு படப்பிடிப்புத் தளமே எழுந்து கை தட்டியது. வசனகர்த்தா விசில் அடித்தார். "இவன்தான்யா நடிகன்! உயிரைக் கொடுத்து நடிக்கிறான்!"

(அந்த வாக்கியத்தை அடித்துவிடலாமா என்று நான்கு தடவை யோசித்தேன். இருக்கட்டும். சொன்னது சொன்னதுதான்.)

வாளி வேண்டாம் என்பதைப் பசி என்று புரிந்துகொண்டார் வசனகர்த்தா. 'பையன் ஆசையாகச் சாப்பிடுகிறான், பாவம், இன்னும் நாலு காட்சி எழுதிக் கொடுப்போம்' என்று அன்போடு எழுதினார். இதுதான் இந்தக் கதையிலேயே கொடுமையான விஷயம்: அவர் அதை அன்போடு எழுதினார். பன்னிரண்டு வருஷத்தில், இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது எபிசோடுகளில், நூற்று அறுபத்தெட்டு சாப்பாட்டுக் காட்சிகள். ஆண்டு விழாவில் நிலையம் பூசணிக்கு "அர்ப்பணிப்புக் கேடயம்" வழங்கியது.*

நடுவில் ஒரு வேடிக்கை நடந்தது. பூசணி இளைத்தான். ரொம்ப இல்லை, தெருவில் போகிற யாரைப் போலவும் ஆனான். ஆனால் ஜனங்களுக்குப் பூசணி வேண்டுமே? உடை தைப்பவர் ஸ்பாஞ்சில் ஒரு வயிறு செய்து, முதுகில் நாடா வைத்துக் கட்டிவிட்டார். இவ்வளவு சாப்பிடுகிறவன் எப்படி இளைக்கிறான் என்று யாரும் கேட்கவில்லை. "கொடுத்து வச்ச உடம்புடா உனக்கு" என்றார் வசனகர்த்தா. பொறாமையோடு.

* கேடயத்தில் பொறித்திருந்த வாசகம்: "உண்பதிலும் உண்மை". எழுதியவர் யார் என்று கேட்காதீர்கள்.

4

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பூசணி வசனகர்த்தாவின் வீட்டு மணியை அடித்தான்.

"முந்நூறாவது எபிசோடு நேரலைதானேண்ணே?"

"ஆமாடா. மூணு அடுக்குக் கேக் சொல்லியாச்சு. நீ ஒண்டி ஆளா அதை முடிக்கிற. எழுதிட்டேன். பிரமாதமா வந்திருக்கு."

"அதைத்தான் பேச வந்தேன். நான் சாப்பிட மாட்டேன்."

"ஏன், வயிறு சரியில்லையா?"

"பன்னெண்டு வருஷமா சரியில்ல."

பிறகு அவன் சொன்னான். சோபாவின் விளிம்பில் உட்கார்ந்து, தரைக் கல்லொன்றின் விரிசலைப் பார்த்துக்கொண்டே, நிறுத்தி நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னான். வசனகர்த்தாவின் மனைவி டீ கொண்டு வந்தவர், பிஸ்கட் தட்டை மேசையில் வைக்கப்போய், என்ன தோன்றியதோ, அதைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"பல் டாக்டர்தான் முதல்ல கண்டுபிடிச்சாங்க. பல்லெல்லாம் பின்பக்கமா கரைஞ்சிருக்கு, வயித்து அமிலம் பட்டு. ஏன்னு கேட்டாங்க. நான் ஒரு ஜோக் சொன்னேன். அவங்க சிரிக்கலண்ணே. என் ஜோக்குக்குச் சிரிக்காத முதல் ஆள் அவங்கதான். கருவியைக் கீழ வச்சுட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்துட்டாங்க. எனக்கு அழுகை வந்துடுச்சு, வாயில பஞ்சோட."

இப்போது செவ்வாய்க்கிழமைதோறும் ஒரு மனநல மருத்துவரைப் பார்க்கிறான். எட்டு மாதமாகிறது.

"இப்ப சரியாயிடுச்சா?" என்றார் வசனகர்த்தா. முட்டாள்தனமான கேள்விகள் அவருக்கு இயல்பாக வரும்.

"எந்திரிக்கிறேன், விழறேன், எந்திரிக்கிறேன். முன்னாடி விழுந்தா யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். இப்ப சொல்லிடறேன். அதான் வித்தியாசம்."

பர்ஸிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தான். பத்திரிகைகளிலிருந்து வெட்டி ஒட்டிய பெயர்கள்.

"யாருடா இவங்கெல்லாம்?"

"இந்த நோய் இருக்குன்னு தானா வெளிய வந்து சொன்னவங்க. அரண்மனையில வாழ்ந்தவங்க, பாட்டுக்காரங்க, நடிகைங்க, ஓட்டப்பந்தயக்காரங்க. மந்திரியா இருந்த ஒரு பெரியவர் கூட இருக்காரு. உலகமே பார்த்துட்டிருந்த ஆளுங்கண்ணே. யாருக்கும் தெரியல. முடியாத நாள்ல இதை எடுத்து வாசிப்பேன். பள்ளிக்கூடத்துல வருகைப் பதிவு எடுக்குற மாதிரி. ஒவ்வொருத்தரும் 'இருக்கேன்'னு சொல்ற மாதிரி இருக்கும்."

தாளை மறுபடி மடித்தான்.

"என் லிஸ்ட்ல நம்ம பாஷை பேசுறவங்க ஒருத்தர் கூட இல்ல. எங்கயாவது இருப்பாங்க, எனக்குக் கிடைக்கல. யாரோ ஒரு புள்ள நம்ம ஷோவைப் பார்த்துட்டு, சிரிச்சுட்டு, போய்க் கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்திருக்கும். அதுக்கும் ஒரு லிஸ்ட் வேணும்ல? நேரலையில எனக்கு மூணு நிமிஷம் எழுதிக் கொடுங்க."

"டேய், யோசிச்சுத்தான் —"

"சொல்லலாமா வேணாமான்னு கேக்க வரலண்ணே. சொல்லப்போறேன். எப்படிச் சொல்றதுன்னுதான் கேக்க வந்தேன்."

"அதுக்கு நான்தானா கிடைச்சேன்?"

"பேர் வச்சது நீங்கதானே."

5

அந்த வசனகர்த்தா நான்தான் என்பதை இதற்குள் கண்டுபிடித்திருப்பீர்கள். முடியைப் பற்றிய வரியிலேயே தெரிந்திருக்கும். தன்னைத் தானே கிண்டல் செய்துகொள்கிறவன் பெரும்பாலும் எதையோ மறைக்கிறான். ஆனாலும் அவரை 'அவர்' என்றே தொடர்கிறேன். தூரத்தில் நிறுத்தி வைத்தால் திட்டுவதற்கு வசதியாக இருக்கிறது.

இப்போது எனக்கு ஒரு பாத்திரத்தின் மேல் சந்தேகம். காது.

காது என்பது எங்கள் ஒலிப்பதிவாளர். அறுபதை நெருங்குகிறவர். ஹெட்போனைக் கழற்றி நான் பார்த்ததே இல்லை. நடிகர்களின் சட்டைக் காலரில் மைக் மாட்டுவது, சத்தம் கூட்டிக் குறைப்பது, பிறகு, பதிவுசெய்த சிரிப்புகளை ஒலிக்கவைக்கும் சிரிப்புப் பெட்டியை இயக்குவது அவர் வேலை. சிரிப்புப் பெட்டியில் எட்டுப் பொத்தான்கள். ஒன்றாம் எண், லேசான கிளுகிளுப்பு. எட்டாம் எண், அரங்கமே இடிந்து விழுவது. நான்காம் எண், யாரோ ஒரு அம்மாள் மூச்சுத் திணறச் சிரிப்பது. அவர் யார், எந்த வருஷம், எதற்காகச் சிரித்தார் என்று யாருக்கும் தெரியாது. பன்னிரண்டு வருஷமாக என் எல்லா ஜோக்குகளுக்கும் அவர்தான் சிரிக்கிறார்.

இந்தக் கதைக்குக் காது தேவையா? முதல் வரைவில் அவர் இல்லை. பிறகு சேர்த்தேன்; காரணம், அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் நடந்த இது.

"காதண்ணே, நம்ம பூசணிக்கு ஒரு —"

"தெரியும்."

"அவன் சொன்னானா?"

காது ஹெட்போனை ஒரு பக்கம் மட்டும் விலக்கினார். "காலர் மைக்கைக் கழட்டாமயே பாத்ரூமுக்குப் போவான் சார். அவசரத்துல மறந்துடுவான். எனக்கு எல்லாம் கேக்கும். முதல் தடவை, சாப்பாடு ஒத்துக்கலைன்னு நினைச்சேன். அப்புறம் ஒவ்வொரு வாரமும். நான் சத்தத்தை முழுசாக் குறைச்சுடுவேன். வேற யாருக்கும் கேட்டுடக் கூடாதுல்ல."

"பன்னெண்டு வருஷமாவா?"

"என்னன்னு போய்க் கேப்பேன்? 'தம்பி, நீ உள்ள இருக்கறப்ப நான் கேட்டேன்'னா? அவன் முகத்தை எங்க வச்சுக்குவான்?" சற்று நேரம் பொத்தான்களைத் துடைத்தார். "மறைச்சுக் காப்பாத்துறேன்னு நினைச்சேன் சார். குறைச்சது சத்தத்தை மட்டும்தான்."

ஆகவே காது இருக்கிறார். அவரை எடுத்துவிட்டால் குற்றவாளிக் கூண்டில் நான் தனியாக நிற்க வேண்டியிருக்கும்.

6

தயாரிப்பாளர் ஒப்புக்கொண்டார். "பேசட்டும் சார், நான் என்ன கல்லா? ஆனா இது சிரிப்பு ஷோ. மூணு நிமிஷத்துல ஆறு இடத்துல சிரிப்பு வரணும். ஜனம் சிரிக்கலைன்னா காது பொத்தானை அமுக்கட்டும். நேரலையில அமைதின்னா, டிவி ரிப்பேர்னு மாத்திட்டுப் போயிடுவான்."

வசனகர்த்தா எழுத உட்கார்ந்தார்.

முதல் வரைவை ஆளில்லாத தளத்தில் பூசணி வாசித்தான். ஆறு இடத்திலும் காது பொத்தானை அமுக்கிக் காட்டினார். வாசித்து முடித்ததும் பூசணி சிவப்புப் பேனாவை எடுத்து ஆறு இடத்தையும் வட்டமிட்டான்.

"ஆறும் என் வயித்து மேலதான் விழுதுண்ணே."

இரண்டாம் வரைவில் சிரிப்பே இல்லை. "என் வாழ்வின் இருள் சூழ்ந்த பாதையில்" என்று தொடங்கியது. நான்காவது வரியில் பூசணி நிறுத்தினான். "யாரு செத்தது?"

மூன்றாம் வரைவை வசனகர்த்தா தன் மனைவியிடம் காட்டினார். அவர் ஒரு மருந்தகத்தில் வேலை பார்க்கிறவர். டாக்டர்களின் கிறுக்கலையே படித்துப் பழகியவர் என்பதால் இவர் எழுத்தும் அவருக்குப் பிடிபடும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சமையலறை வாசலில் நின்றபடியே இரண்டு பக்கத்தையும் படித்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இது அவரோட மூணு நிமிஷம்தானே?"

"ஆமா. ஏன்?"

"இதுல அவர் வாயால உங்களை மன்னிச்சுக்கிட்டே இருக்காரு. 'எனக்கு எழுதியவர் மேல் தப்பில்லை', 'அவர் அறியாமல் செய்தார்'. ஏங்க, அவருக்குக் கிடைக்கிறதே மூணு நிமிஷம். அதுலயும் ரெண்டை நீங்களே சாப்பிட்டா எப்படி?"

(இந்த இடத்தில் என் மனைவியைக் கொஞ்சம் கோபக்காரராகக் காட்டி, வாசகரின் அனுதாபத்தை என் பக்கம் இழுக்க ஒரு பத்தி எழுதியிருந்தேன். அவர் அதையும் படித்தார். பத்தி இப்போது இல்லை.)

நான்காம் வரைவு, ஐந்தாம் வரைவு. குப்பைக்கூடை நிறைந்தது. நேரலைக்கு முந்தைய நாள் மதியம் பூசணி ஒப்பனை அறையில் அவரைப் பிடித்தான்.

"அண்ணே, விடுங்க. முதல் வரி மட்டும் எழுதுங்க. அதைத் தாண்டிட்டா மீதியை நான் நடந்துடுவேன். அந்த ஒரு படிதான் எனக்கு ஏற முடியல."

இருபத்தாறு வருஷமாக வரிக்கு வரி கிச்சுக்கிச்சு மூட்டிப் பிழைத்த மனிதர் அன்று மாலை வரை உட்கார்ந்து, ஒப்பனை அறையின் காகிதத் துண்டில் மூன்று சொல் எழுதினார்:

"எனக்கு நோய் இருக்கு."

பூசணி அதை வாங்கிப் பார்த்தான். உதடு அசைய இரண்டு தடவை சொல்லிப் பார்த்தான். பெயர்ப் பட்டியல் தாளோடு சேர்த்து மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டான்.

"நீங்க எழுதுனதுலயே இதுதாண்ணே நல்லா இருக்கு."

"இதுல ஜோக்கே இல்லையேடா."

"அதான்."

7

முடிவுகள். என்னிடம் இரண்டு தயாராக இருக்கின்றன.

(அ) பூசணி பேசுகிறான். அரங்கமே எழுந்து நிற்கிறது. முன்வரிசையில் ஒரு இளம்பெண் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். வசனகர்த்தாவும் அவனும் தழுவிக்கொள்ள — இல்லை. இது கேக்கின் மூன்றாவது அடுக்கு. அதை மென்று வாளியில் துப்புகிறேன்.

(ஆ) தயாரிப்பாளர் நடுவில் ஒளிபரப்பை நிறுத்துகிறார். பூசணி இருட்டில் தனியாக நிற்கிறான். இது எனக்கு வசதியான முடிவு, வில்லன் வேறொருவராகிவிடுகிறார். தயாரிப்பாளர் நல்ல மனிதர். அன்று ஓரமாக நின்று நகம் கடித்துக்கொண்டிருந்தார்.

நடந்தது நடந்தபடி, தெரிந்த வரைக்கும்:

மேசையில் மூன்று அடுக்குக் கேக். அரங்கில் நானூறு பேர். கதவு திறந்தது. பூசணி ஸ்பாஞ்சு வயிறு இல்லாமல் வந்தான். கையில் நீல வாளி. அதை மேசைக்கு முன்னால் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் உட்கார்ந்தான். 'வாளி தாங்குமாடா?' என்று ஓரத்தில் நின்ற வசனகர்த்தாவின் மூளை தானாக ஒரு வரி எழுதியது. பழக்கதோஷம். முதல் முறையாக அவர் அதை எழுதிய கையோடு அடித்தார்.

பூசணி காலர் மைக்கைத் தொட்டுப் பார்த்தான். ஒலிப்பதிவு மேடையின் பக்கம் திரும்பி, "காதண்ணே, சத்தம் சரியா இருக்கா?" என்றான்.

காது கட்டைவிரலை உயர்த்தினார். ஒலியளவை அதன் உச்சிவரை ஏற்றினார். பிறகு, யாரும் எதிர்பாராமல், சிரிப்புப் பெட்டியின் ஒயரைப் பிடுங்கி, நிதானமாகச் சுற்றி, தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். தயாரிப்பாளர் அடுத்த நகத்தைக் கடித்தார்.

பூசணி நிமிர்ந்தான்.

"எனக்கு நோய் இருக்கு."

அதற்குப் பிறகு அவன் சொன்னது முழுக்க அவனுடைய வசனம். இரண்டே வரியைத் திருடித் தருகிறேன்: "இந்த வாளியைப் பன்னெண்டு வருஷமா நான் வேணாம்னு சொன்னேன், நீங்க கை தட்டுனீங்க. இன்னிக்கு நான் வேணாம்னு சொல்றது அந்தக் கேக்கை. தட்டுறதா இருந்தா யோசிச்சுத் தட்டுங்க."

அரங்கம் என்ன செய்தது என்பதை நான் எழுதப்போவதில்லை. எழுதத் தெரியாமல் அல்ல. நான்கு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். இந்தக் கதையைக் கொண்டுபோய்ப் பூசணியிடம் காட்டியபோது அந்த நான்கு பக்கத்தையும் உருவிவிட்டான். அதற்கு முந்தின நாள் அவன் மறுபடி நோயில் விழுந்திருந்தான்; உடனே மருத்துவரை அழைத்துச் சொல்லியும் இருந்தான். கண்ணில் களைப்பு தெரிந்தது. குரலில் இல்லை.

"அவங்க சிரிச்சாங்களா, அழுதாங்களா, எந்திரிச்சுப் போனாங்களான்னு எழுதாதீங்கண்ணே. எழுதுனா படிக்கிறவங்க அதையே பார்த்துச் செஞ்சுட்டுப் போயிடுவாங்க. நாளைக்கு அவங்க வீட்டுல யாராவது ஒருத்தர் இந்த மூணு சொல்லைச் சொன்னா? அப்ப பக்கத்துல வசனம் எழுதிக் கொடுக்க நீங்களா இருப்பீங்க?"

இருக்க மாட்டேன்.

ஆகவே இந்த இடத்தில் நிறுத்துகிறேன். சிரிப்புப் பெட்டியின் ஒயர் காதண்ணன் சட்டைப் பையில் இருக்கிறது. நான்காம் எண் அம்மாள் இன்று விடுமுறை. ஒலியளவு உச்சியில் இருப்பதால் நீங்கள் நாற்காலியில் அசைந்தாலும் அவனுக்குக் கேட்கும். வாளி தாங்குகிறது. அவன் முதல் வரியைச் சொல்லிவிட்டு, உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அடுத்த வரி உங்களுடையது.

நீங்கள்